ஜப்பானில் குப்பை கொட்டுவது எப்படி?



கடந்த மாதம் என் ராத்தாவின் மூத்த மகன் முந்தலிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பைல். ஜப்பானுக்குப் போகிறானாம். ஆறு மாத மொழி வகுப்பு முடிந்துவிட்டது; மீதியை முகவர் ஒருவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"மாமா, நீங்க ஆறு வருஷம் நாகோயாவுல இருந்தீங்கதானே? அங்க மாசம் எவ்வளவு உழைக்கலாம்?"

"அதைப் பிறகு பார்ப்போம் மகன். குப்பை போடத் தெரியுமா?"

அவன் சிரித்தான். உள்ளே இருந்த ராத்தாவும் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. அந்த நாட்டில் வெளிநாட்டான் ஒருவன் எழுதும் முதல் பரீட்சை மொழிப் பரீட்சை அல்ல, குப்பைப் பரீட்சை. அதில் தோற்றவன் நான். அந்தத் தோல்வியில் நான் கற்றது ஜப்பானைப் பற்றி மட்டுமல்ல. எங்கள் புத்தளத்தைப் பற்றியும்தான். மருமகனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். எமது ஊர்களிலிருந்து இன்று ஜப்பானை நோக்கிப் புறப்படும் தம்பிமாருக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதல் பதினான்கு நாட்கள்

2016 இல் நான் நாகோயா போனேன். டோக்கியோ, ஒசாகா என்ற பெயர்கள்தான் எங்கள் பக்கம் பிரபலம். ஆனால் நாகோயாவும் சுமார் 23 இலட்சம் மக்கள் வாழும் பெருநகரம். டொயோட்டா கம்பனியின் தலைமையகம் இருக்கும் அய்ச்சி மாகாணத்தின் தலைநகரம். துறைமுகத்துக்கு அருகில் பழைய வாகனங்களை ஏற்றுமதி செய்யும் யார்டுகள் நிறைய. எங்கள் வீதிகளில் ஓடும் ரீகண்டிசன் வாகனங்களைக் கைமாற்றும் வேலையில் பாகிஸ்தானியரும் இலங்கையரும் அங்கே இருக்கிறார்கள். மாணவனாகப் போன நானும் பின்னர் அப்படியொரு யார்டிலேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

ஜப்பானில் தங்க வருபவர் விமான நிலையத்திலேயே வதிவிட அட்டையைப் பெறுவார். முகவரி கிடைத்த 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்துக்குப் போய் அதைப் பதிய வேண்டும். அங்கேதான் தேசிய சுகாதாரக் காப்புறுதியிலும் சேர்வது. காப்புறுதி இருந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதத்தை மட்டுமே நாம் கட்டுவோம். இவ்வளவும் முடிந்தபின் அந்த அலுவலகப் பெண் ஒரு புத்தகத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார். குப்பையை எப்படிப் பிரிப்பது, எந்தக் கிழமை எதை வெளியே வைப்பது என்ற கைநூல். வீட்டுக்கு வந்து அதை ஒரு மூலையில் போட்டேன். குப்பைக்கு ஒரு புத்தகமா என்று எனக்குள் சிரித்தேன்.

வீடு கிடைத்ததே பெரிய காரியம். முற்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணம், உத்தரவாதம் தரும் கம்பனிக்கு ஒரு கட்டணம் என்று வாடகையைப்போல நான்கைந்து மடங்கு ஆரம்பத்திலேயே போய்விடும். "வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. ஜப்பானிய நீதி அமைச்சு 2017 இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதமானோர் வெளிநாட்டவர் என்ற காரணத்தாலேயே மறுக்கப்பட்டதாகக் கூறியிருந்தனர். அப்படி அலைந்து கிடைத்த அறை அது. மினாத்தோ வட்டாரத்தில், பழைய மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் மாடி.

திரும்பி வந்த பை

மூன்றாவது வாரம், ஒரு காலை நேரம் கதவு தட்டப்பட்டது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் நின்றார். குனிந்து வணங்கினார். அவரது கையில் நான் முதல் நாள் வெளியே வைத்த குப்பைப் பை. அதன்மேல் சிவப்பு எழுத்தில் ஒரு ஒட்டி.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். பைக்குள் இலங்கைத் தேயிலைப் பக்கெட் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் இலங்கையன் நான் ஒருவன்தான்.

எனக்கு முகம் சிவந்தது. வெட்கம் பாதி, கோபம் பாதி. "வெளிநாட்டான் என்பதால்தானே என் குப்பையைக் கிளறுகிறார்கள்" என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசலிலேயே குந்தியிருந்து பையைத் திறந்தார். தேங்காய்ப்பால் டின்னை ஒரு பக்கம் வைத்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைக் கழற்றி, சுற்றியிருந்த லேபலைக் கிழித்து, மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தார். பொரித்த எண்ணெயை ஊற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பையைக் கண்டதும் மட்டும் தலையை ஆட்டினார். பழைய பத்திரிகைத் தாளை எடுத்து, எண்ணெயை அதில் ஊறவைத்துக் காட்டினார்.

அங்கே எரியக்கூடிய குப்பைக்கு ஒரு பை, எரியாததற்கு ஒரு பை, மீள்சுழற்சிக்குப் போவதற்கு ஒரு பை. நகராட்சி குறித்த பைகளைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியும். டின்னும் போத்தலும் கழுவியிருக்க வேண்டும். பால் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, காயவைத்துக் கட்ட வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் வைக்க வேண்டும். முந்தின இரவு வைத்தால் காகம் கிளறும். காகத்துக்காகவே மேலே ஒரு வலை. பிழையான பை வண்டியில் ஏறாது. ஒட்டியோடு அங்கேயே கிடக்கும், எல்லோரும் பார்க்க.

அந்தப் பெரியவர் அரச அதிகாரி அல்ல. அந்த ஒழுங்கையின் அயலவர் சங்கத்தைச் சேர்ந்தவர். அந்த நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு பகுதிக்கும் இப்படியொரு சங்கம் இருக்கிறது. குப்பை வைக்கும் இடத்தைக் கழுவுவது, பூகம்ப ஒத்திகை நடத்துவது, தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது எல்லாம் சங்கத்தின் வேலை. சம்பளம் இல்லை. முறை வைத்துச் செய்கிறார்கள். எங்கள் ஊரில் கந்தூரிக்குச் சேருவது போல அங்கே குப்பைக்குச் சேருகிறார்கள்.

பறவைகளுக்காகக் கைவிடப்பட்ட திட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் என்னை அவோனாமி ரயிலில் ஏற்றி நோசெக்கி என்ற நிலையத்தில் இறக்கினார். அங்கிருந்து இனாயே பூங்காவுக்கு நடந்தோம். பூங்காவின் ஓரத்தில் நகராட்சியின் பறவை அவதான நிலையம். தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

முந்தல் களப்பு! வற்று நேரத்தில் எங்கள் களப்பு எப்படிச் சேறும் நீருமாகப் பளபளக்குமோ, அதேபோல. சேற்றில் நூற்றுக்கணக்கில் உள்ளான் சாதிப் பறவைகள் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் துறைமுகக் கிரேன்களும் நெடுஞ்சாலைப் பாலமும். பெருநகரத்தின் வயிற்றுக்குள் ஒரு களப்பு.

அந்த இடத்தின் பெயர் புஜிமாயே. மூன்று ஆறுகள் இசே குடாவில் விழும் இடத்திலுள்ள சேற்றுநிலம். நகரம் தன் குப்பையைக் கொட்ட ஒரு காலத்தில் தெரிவு செய்திருந்த இடம் இதுதான் என்று பெரியவர் சொன்னார்.

பின்னர் நான் தேடிப் படித்த கதை இது. 1990களின் இறுதியில் நாகோயாவின் குப்பை ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் தொன். எரித்த சாம்பலையும் எரியாததையும் நிரப்பும் இடம் நாகோயாவுக்குள் இல்லை. பக்கத்து கிஃபு மாகாணத்தின் தஜிமி நகரில் இருந்தது. அதாவது அவர்களும் தங்கள் குப்பையை அடுத்தவர் ஊருக்குத்தான் அனுப்பினார்கள். அந்த இடம் நிரம்பி வந்ததால், புஜிமாயே சேற்றுநிலத்தில் 46.5 ஹெக்டயரை நிரப்பத் திட்டமிட்டார்கள்.

எதிர்ப்பு 1980களிலேயே தொடங்கியிருந்தது. எதிர்த்தவர்கள் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. பறவைகளை எண்ணினார்கள். சேற்றைத் தோண்டி அதிலுள்ள புழுக்களையும் நண்டுகளையும் எண்ணினார்கள். நகராட்சி "இதற்குப் பதிலாகச் செயற்கைச் சேற்றுநிலம் அமைத்துத் தருகிறோம்" என்றது. 1998 டிசெம்பரில் நாட்டின் சுற்றாடல் முகவரகமே அது இயற்கைக்கு ஈடாகாது என்று சொல்லிவிட்டது. 1999 ஜனவரியில் நகராட்சி திட்டத்தைக் கைவிட்டது.

நான் மிகவும் யோசித்தது இதற்கு அடுத்து நடந்ததைப் பற்றித்தான். இடம் இல்லை என்றானபின், 1999 பெப்ரவரியில் நகராட்சி "குப்பை அவசரநிலை" பிரகடனம் செய்தது. இரண்டு வருடத்தில் 20 சதவீதம், அதாவது 2 இலட்சம் தொன் குப்பையைக் குறைப்போம் என்று மக்களைக் கேட்டது. 2000 ஓகஸ்டில் புதிய பிரிப்பு முறை வந்தது. அதை விளக்க ஒழுங்கை ஒழுங்கையாக இரண்டாயிரத்துக்கும் அதிகமான கூட்டங்கள் நடத்தினார்கள். மக்கள் திட்டினார்கள், தொலைபேசியில் கத்தினார்கள். ஆனால் பிரித்தார்கள். சொன்ன காலத்துக்குள் குறைப்பு நடந்தது. 2002 நவம்பரில் புஜிமாயே ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தக் கூட்டங்களில் தன் ஒழுங்கைக்காரரிடம் திட்டு வாங்கியவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர். "என் மனைவியே என்னைத் திட்டினாள்" என்று சிரித்தார். அப்போதுதான் அன்று என் வாசலில் அவர் ஏன் குந்தியிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. என் தோலைப் பார்த்து வரவில்லை அவர். அந்தச் சேற்றைக் காப்பாற்றக் கொடுத்த வாக்குறுதியைப் பதினாறு வருடம் கழித்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அறுவக்காட்டைப் பற்றி அவர் கேட்டபோது

2018, 2019 காலத்தில் புத்தளம் நகரில் நடந்த சத்தியாக்கிரகத்தை நான் நாகோயாவிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் கொழும்பின் குப்பைக்கு இடம் தேடும் வேலை அவசரமானது. சுமார் 170 கிலோமீற்றருக்கு அப்பால், வண்ணாத்திவில்லு பகுதியின் அறுவக்காட்டில், சீமெந்துக்குச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் இருந்தன. ஏற்கெனவே நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பலைச் சுவாசிக்கும் மாவட்டத்துக்குத் தலைநகரின் குப்பையும் வந்து சேர்ந்தது. மாதக்கணக்கில் முஸ்லிம், சிங்களவர், தமிழர், மௌலவி, பிக்கு, பாதிரியார் என்று எல்லோரும் ஒன்றாக அமர்ந்தனர். 2019 ஓகஸ்டில் குப்பை வரத் தொடங்கியது. ஒக்டோபரில் அங்கே வெடிப்பும் நடந்தது.

ஒருநாள் பெரியவரிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார்.

"அந்தக் குழியில் இறங்கும் நீர் எங்கே போகிறது என்று யார் அளக்கிறார்கள்?"

நிபுணர்கள் என்றேன்.

"உங்கள் ஊர்க் குப்பை எங்கே போகிறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. முந்தலில் எங்கள் ஒழுங்கைக்குள் குப்பை ட்ரக்டர் வருவதில்லை. உம்மா முற்றத்தில் கூட்டிக் கொளுத்துவார். மிச்சத்தைச் சொப்பிங் பேக்கில் கட்டி, மோட்டார் சைக்கிளில் போகும்போது கால்வாய் ஓரத்தில் வீசியது வேறு யாருமல்ல, நான்தான். அந்தக் கால்வாய் ஒல்லாந்தர் கால்வாய். போய்ச் சேர்வது களப்பில். கொழும்பு தன் குப்பையைப் புத்தளத்துக்கு அனுப்பியது அநியாயம் என்று முகநூலில் எழுதிய அதே கைதான் அதையும் வீசியது.

எங்கள் போராட்டம் பிழை என்று நான் சொல்லவில்லை. தலைநகரின் சுமையைத் தூரத்து ஏழை மாவட்டத்தின் தலையில் ஏற்றுவது அன்றும் இன்றும் அநீதிதான். ஆனால் புஜிமாயேயில் "இங்கே கொட்டாதே" என்ற சொல்லுக்குப் பிறகு "அப்படியென்றால் நாம் குறைப்போம்" என்ற சொல்லும் வந்தது. எங்களிடம் முதலாவது சொல் மட்டும்தான் இருந்தது. கொழும்பிடமும் இரண்டாவது சொல் இருக்கவில்லை.

தொழுகை, சாப்பாடு, வேலை

குப்பையை மட்டும் பேசினால் மருமகன் சலித்துக்கொள்வான். மற்றவற்றையும் சொல்கிறேன்.

நாகோயாவில் பள்ளிவாசல் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஹொன்ஜின் பகுதியிலுள்ள நாகோயா மஸ்ஜித் 1998 இல் கட்டப்பட்டது. வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய மாடிக் கட்டடம். துறைமுகப் பக்கத்தில் இன்னொரு பள்ளிவாசலும் இருக்கிறது. பாங்கு வெளியே கேட்காது, கைப்பேசிதான் முஅத்தின். கோபே நகரப் பள்ளிவாசல் 1935 இல் திறக்கப்பட்டது, ஜப்பானிலேயே பழையது. இரண்டாம் உலக யுத்தக் குண்டுவீச்சிலும் 1995 பூகம்பத்திலும் அது நின்றது. ஒரு விடுமுறையில் அங்கே போய் இரண்டு ரக்அத் தொழுதது என் வாழ்வின் நல்ல நினைவுகளில் ஒன்று.

வேலையிடத்தில் ளுஹர், அஸர் தொழ இடம் கேட்கத் தயங்கி, முதல் வருடம் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்துத் தொழுதேன். பிறகு ஒருநாள் மேற்பார்வையாளரிடம் நேரடியாகச் சொன்னேன்: பத்து நிமிடம் வேண்டும், சிகரட் குடிப்பவர்கள் எடுக்கும் இடைவேளையைப் போல. அவர் யோசித்துவிட்டு, உதிரிப்பாக அறையின் ஒரு மூலையைத் துடைத்துத் தந்தார். சொல்லாமல் செய்தால் அங்கே சந்தேகம் வரும். முன்கூட்டிச் சொல்லி, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தால் மரியாதை வரும். எல்லா இடத்திலும் இப்படி அமையாது. மறுத்த இடங்களைப் பற்றியும் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாட்டில் மிகக் கவனம் தேவை. பாணில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம், சமையலில் 'மிரின்' என்ற அரிசி மது சேரும். ஜப்பானிய எழுத்துகளில் ஒரு வகைக்குக் 'கஞ்சி' என்று பெயர். ஆசிரியர் முதன்முதலில் "கஞ்சி படிப்போம்" என்றபோது எனக்கு நோன்புக் கஞ்சிதான் ஞாபகம் வந்தது. நான் பாடமாக்கிய முதல் கஞ்சி எழுத்து என் பெயரோ நாட்டின் பெயரோ அல்ல. 'பன்றி' என்ற எழுத்து. போகிற தம்பிமாரும் அதையும் 'மது' என்ற எழுத்தையும் இங்கேயே படித்துவிடுங்கள். மீன் தாராளம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது போதும். 80களிலும் 90களிலும் முந்தல் பக்கத்துப் பண்ணை இறால் ஏறிப்போன பெரிய சந்தைகளில் ஒன்று ஜப்பான். எங்கள் கண்டல் மரங்களை வெட்டி அமைத்த குளங்களின் இறாலை யார் சாப்பிட்டார்கள் என்பதையும் அங்கே போய்த்தான் யோசித்தேன்.

தனிமைதான் பெரிய நோய். ரயிலில் யாரும் பேசமாட்டார்கள். கைப்பேசியில் கதைத்தால் திரும்பிப் பார்ப்பார்கள். அயலவர் மரியாதையாக இருப்பார், வீட்டுக்குள் கூப்பிடமாட்டார். ஆறு வருடத்தில் அந்தப் பெரியவரின் வீட்டுக்குள் நான் போனது இரண்டே தடவை.

நிலத்தடி நீர் என்ற ஒரே வாதம்

இதைச் சொல்லாமல் விட்டால் ஜப்பானைப் பற்றி நான் பாதிதான் சொன்னவனாவேன். அங்கே இறப்பவர்களில் 99 சதவீதத்துக்கும் அதிகமானோர் தகனம் செய்யப்படுகிறார்கள். முஸ்லிம்களை அடக்கக்கூடிய மையவாடிகள் மிகச் சில. யமனாஷி மாகாணத்தின் என்சான் அவற்றில் ஒன்று. மௌத்தான ஒரு சகோதரரின் ஜனாஸாவை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கொண்டுபோன நண்பர்களோடு நானும் ஒருமுறை போனேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே நான் மௌத்தானால்?

தெற்கே ஓயிட்டா மாகாணத்தில் பெப்பு முஸ்லிம் சங்கம், ஹிஜி என்ற சிற்றூரில் மையவாடி அமைக்க நிலம் பார்த்தது. ஊர் மக்கள் எதிர்த்தனர். காரணம்: "எங்கள் நிலத்தடி நீர் பழுதாகும்." வருடக்கணக்கில் பேச்சு நடந்தது. 2024 இல் தெரிவான புதிய மேயர் அதற்கு எதிரானவர்.

2020 இல் எங்கள் நாட்டிலும் இதே வாதம்தான் சொல்லப்பட்டது. கொவிட்டில் இறந்தவர்களை அடக்கினால் நிலத்தடி நீர் பழுதாகும் என்று சொல்லி ஜனாஸாக்களை எரித்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கவும் செய்யலாம் என்று கூறியிருந்தும் எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. உறவுகளைச் சாம்பலாகப் பெற்றவர்களுக்கு அந்த மன்னிப்பு எந்தளவு ஆறுதல் என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

அறுவக்காட்டை எதிர்த்தபோது நாங்கள் சொன்னதும் "எங்கள் நிலத்தடி நீர் பழுதாகும்" என்பதுதான்!

ஒரே வாக்கியம், மூன்று இடம். ஹிஜி ஊர்க்காரரின் பயத்தை நான் இனவாதம் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. தண்ணீருக்குப் பயப்படுவது என்ன என்று புத்தளத்தானுக்குத் தெரியும். வேறுபாடு பயத்தில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. சுண்ணக்கல் குழியில் இலட்சக்கணக்கான தொன் கலப்புக் குப்பை இறங்குவதும், கஃபனிட்ட ஓர் உடல் மண்ணுக்குள் போவதும் ஒரே அளவான ஆபத்தல்ல. புஜிமாயேயில் புழுவைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தார்கள். எங்கள் ஜனாஸா விடயத்தில் எண்ணாமலே முடிவெடுத்தார்கள். தண்ணீரின் பெயரால் யார் பேசினாலும், "அளந்தீர்களா, யாரைக் கேட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். எங்களையும் நாங்களே கேட்க வேண்டும்.

போகிற தம்பிமாருக்கு

இனி மருமகனின் முதல் கேள்விக்கு வருகிறேன். சம்பளம்.

அவனுடைய பைலைப் பார்த்தேன். மாணவர் விசா. மாணவர் விசாவில் போகிறவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். நீண்ட பாடசாலை விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணித்தியாலம். 2024 ஒக்டோபரில் அய்ச்சி மாகாணத்தின் ஆகக்குறைந்த கூலி மணிக்கு 1,077 யென் ஆனது. கணக்குப் பாருங்கள்: வாரம் சுமார் 30,000 யென், மாதம் 1 இலட்சத்து 30 ஆயிரம் அளவு. மொழிப் பாடசாலைக் கட்டணம் வருடத்துக்கு ஏழெட்டு இலட்சம் யென் வரும். அதிலேயே மாதம் அறுபதாயிரம் போகும். மிச்சத்தில் வாடகை, சாப்பாடு, காப்புறுதி. ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? காணியை ஈடு வைத்து முகவருக்குக் கொடுத்த கடனை எதால் அடைப்பது? இந்தக் கணக்கை முகவர் சொல்லமாட்டார். கடன் நெருக்க, பையன் 28 மணித்தியாலத்தைத் தாண்டுவான். தாண்டினால் விசா நீடிப்பு மறுக்கப்படலாம். விசா போனால் அவன் சட்டவிரோதி.

அந்த நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் அந்த நகரிலேயே பார்த்தேன். 2017 இல் மாணவியாக வந்து, பின் விசா இழந்த விஷ்மா சந்தமாலி என்ற எங்கள் நாட்டுச் சகோதரி, 2021 மார்ச் 6 ஆம் திகதி நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில், 33 வயதில், உடல்நலம் மோசமாகி உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது. ஜப்பானியர் பலரும் அவருக்காக வீதியில் இறங்கினர். ஒழுங்கான நாடு என்பதற்காக அங்கே அநியாயம் இல்லை என்று எண்ண வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது. 2019 ஏப்ரலில் 'குறித்த திறன் தொழிலாளர்' விசா தொடங்கியது. அதே வருடம் ஜூனில் இலங்கையும் அதற்கான ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், நிர்மாணம் போன்ற துறைகள். என்4 அளவு மொழிப் பரீட்சையிலும் துறைக்கான திறன் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். முதல் வகுப்பில் ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. முழுநேர வேலை, அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது விதி. போகும் முன் முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

மருமகன் பைலை மூடினான். "அப்ப போக வேணாம்னு சொல்றீங்களா மாமா?"

"போ மகன். கடனில்லாமப் போ. மொழியப் படிச்சுட்டுப் போ."

முந்தலில் ஒரு வாளி

2022 இல் நான் ஊர் திரும்பினேன். முதல் வாரமே வீட்டின் பின்புறம் மூன்று வாளிகள் வைத்தேன். உம்மா, "ஜப்பானுக்குப் போய் இதையா படிச்சிட்டு வந்த?" என்றார். சமையலறைக் கழிவு தென்னையடியில் வெட்டிய குழிக்குப் போகிறது. போத்தலும் டின்னும் இரும்புக்காரரிடம் போகின்றன. மிஞ்சுவது வாரத்துக்கு ஒரு சிறு பை. அந்தப் பைக்கு இன்றும் நல்ல வழியில்லை. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு வீடு பிரித்து ஊர் திருந்தாது. அதற்கு ஒழுங்கை சேர வேண்டும்.

அயலவர் சங்கம் எங்களிடம் இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் ஜமாஅத். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் நிர்வாகம் இருக்கிறது, வாலிபர் இருக்கிறார்கள், வாரா வாரம் ஜும்ஆவுக்கு ஊரே கூடுகிறது. நாகோயா இரண்டாயிரம் கூட்டம் கூட்டி மக்களைச் சேர்த்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வெள்ளியும் கூட்டம் தானாகவே சேர்கிறது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம்.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. வரும் நோன்பில் பள்ளிவாசலில் கஞ்சிக்கு ஒருமுறை பாவித்து எறியும் கோப்பையை நிறுத்துவோம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு கோப்பை கொண்டுபோவோம். ஒரு ஒழுங்கையைத் தெரிவு செய்து, போத்தலையும் பொலித்தீனையும் ஒரு மாதம் பிரித்துச் சேர்ப்போம். நிறுத்து எழுதி வைப்போம். களப்பு முஸ்லிமுக்கு மட்டும் சொந்தமல்ல, உடப்பு மீனவருக்கும் அது அடுப்பு. அவர்களையும் கூப்பிடுவோம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அறுவக்காட்டைப் பற்றிப் பேசினால் எங்கள் சொல்லுக்கு எடை இருக்கும்.

மருமகன் அன்று மாலை புறப்படும்போது தேநீர் குடித்த பக்கெட்டையும் பிஸ்கட் உறையையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாளிகளுக்கு முன்னால் நின்றான்.

"மாமா, இது எதுல?"

உறையை முதலில் கழுவச் சொன்னேன்.